தள்ளுவண்டி டிபன் கடை போடப் போகிறேன்: சுகாதார விதிகளில் எதை முதலில் செய்வது?

பனியன்நகர்_தம்பி | சனி, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர். பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தேன். இப்போது ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மாமனார் ஓட்டிக்கொண்டிருந்த தள்ளுவண்டி வீட்டில் சும்மா நிற்கிறது. அதைச் சரிசெய்து அடுத்த மாதம் மாலைக் கடை போடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். இட்லி, தோசை, முட்டைத் தோசை, சால்னா. கை பழகிய பிறகு ஃப்ரைடு ரைஸ். மாலை 6 மணி முதல் இரவு 11 வரை. ஷிப்ட் விட்டு வரும் பையன்கள்தான் சாப்பிட வருவார்கள். பாதிப் பேர் வெளியூர், வெளிமாநிலம், அறையில் சமைக்க வழியில்லாதவர்கள். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். நானும் அப்படிப் படுத்தவன்தான். அதனால் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். தலைமுடியை மூட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், எல்லாம் புரிகிறது. தண்ணீர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நான் நிற்கப்போகும் இடத்திலிருந்து தெருக்குழாய் 300 மீட்டர். அதிலும் தினமும் தண்ணீர் வராது. கை கழுவ, தட்டு கழுவ, குடிக்க, சமைக்க என எல்லாவற்றுக்கும் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து கொண்டுவருவது?

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எந்தப் பேப்பர் முதலில், எந்தப் பொருள் முதலில்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_அலுவலர் | சனி, இரவு 11:31

தம்பி, நான் உணவு பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேப்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 31(2): நடமாடும் வியாபாரிக்கும் சிறு கடைக்காரருக்கும் உரிமம் தேவையில்லை, பதிவு மட்டும் செய்ய வேண்டும். 2011-இல் வந்த விதிமுறைகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். தெருவோர உணவு வியாபாரிகளுக்கு அந்த 100 ரூபாயையும் தள்ளுபடி செய்யும்படி 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சர் உத்தரவிட்டார். ஃபாஸ்காஸ் என்ற உணவுப் பதிவுக்கான அரசு இணையதளத்தில் புகைப்படமும் அடையாள அட்டையும் வைத்து விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். 2-இல் தொடங்கும் 14 இலக்க எண் வரும் (உரிமம் என்றால் 1-இல் தொடங்கும்). அதை வண்டியில் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

இந்தப் பதிவு உங்களுக்கு இடம் தராது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். எத்தனையோ பேர் இந்தச் சான்றிதழைக் காட்டி "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். இடம் வேறு சட்டம். தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி மாநகராட்சியில் நகர விற்பனைக் குழு இருக்கிறது, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் அந்த வழியாகத்தான். நாளைக்கே மாநகராட்சி அலுவலகம் போய் தெரு வியாபாரிகளின் அடுத்த கணக்கெடுப்பில் உங்கள் பெயர் வருமா என்று கேளுங்கள்.

வண்டிக்கென்று சொல்லியிருப்பது, மேல்தளம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போலத் தண்ணீர் இறங்காத, துடைக்க எளிதான பொருளாக, தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும் என்பது. மாமனார் வண்டி பலகையாக இருந்தால் மேலே தகடு அடியுங்கள். உங்கள் 15,000-இல் முதல் செலவு அதுதான் என்பேன்.

இரவுக்கடை_மதுரை | ஞாயிறு, அதிகாலை 1:18

இப்போதுதான் கடை கட்டிவிட்டு வந்தேன். பதினெட்டு வருடமாக மதுரையில் வண்டிக்கடை.

அலுவலர் ஐயா சொன்னது சரி. ஆனால் முதல் செலவு தகடு இல்லை, தண்ணீர். தம்பி, நீங்கள் நின்ற இடம்தான் சரியான இடம்.

நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்தது இரண்டு பக்கெட். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். முதல் பத்துத் தட்டு வரை அது நல்ல தண்ணீர். அதற்கு அப்புறம் அது முந்தின பத்துப் பேருடைய எச்சில் தண்ணீர். எட்டு மணிக்குக் கூட்டம் நெரியும்போது பக்கெட்டை மாற்ற யாருக்கும் கை வராது. வியாதி அங்கேதான் தொடங்குகிறது. சமையலில் தப்பே இல்லாமல் கொதிக்கக் கொதிக்கத் தோசை போட்டு, அதைக் கொண்டுபோய் அந்தத் தட்டில் வைக்கிறோம்.

நான் மாற்றியது மூன்று.

தட்டில் வாழை இலை. சாப்பாடு தட்டைத் தொடாது. இலை விலை ஏறும்போது மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு. தட்டு கழுவும் தண்ணீரில் பாதிக்கு மேல் மிச்சம்.

அடுத்து, குழாய் வைத்த கேன். 20 லிட்டர் கேனில் அடியில் ஒரு குழாய் பொருத்தி வண்டி ஓரத்தில் உயரமாக வைத்துவிடுங்கள். குழாயைத் திறந்தால் ஓடுகிற தண்ணீர், வேறென்ன வேண்டும்? சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒரு பக்கெட் வைத்துக் கழுவிய தண்ணீரைப் பிடித்து, கடை கட்டியதும் சாக்கடையில் ஊற்றுங்கள். ரோட்டில் விட்டால் ஈ அங்கேயே குடியிருக்கும், பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுப்பார்.

குடிக்கிற தண்ணீர் தனிக் கேன். அதற்குள் யாரும் டம்ளரை விடக் கூடாது. விட்டால் அந்தக் கேன் கை கழுவப் போய்விடும், என் கடையில் அதுதான் சட்டம்.

ஒரு ராத்திரிக்கு எனக்கு ஐந்து கேன் போகிறது. சைக்கிளில் கொண்டுவருவது பெரிய பாடு. ஆனால் இந்தப் பாட்டைத் தவிர்க்கிறவன் மற்ற விதி எல்லாவற்றையும் பின்பற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

ஆய்வகம்_அக்கா | ஞாயிறு, காலை 8:40

மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன். மதுரை அண்ணன் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன், வகுப்பில் நான் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கிறது.

தம்பி, ஃப்ரைடு ரைஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். இட்லி, தோசை மாவு புளித்தது, அமிலம் இருக்கிறது, அப்புறம் சுடச்சுட வேகிறது. அது ஓரளவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஃப்ரைடு ரைஸ் அப்படி இல்லை. மதியமே சோறு வடித்து ஆற வைத்து இரவு வரை திறந்த பாத்திரத்தில் வைப்பதுதான் வழக்கம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு வாணலியின் சூட்டில் அழியாது. "நான் நல்ல தீயில் வதக்கித்தானே கொடுக்கிறேன்" என்பது இங்கே செல்லாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி. சூடாக வைக்க வேண்டியது ஆவி பறக்க இருக்கட்டும், குளிர வைக்க வேண்டியது ஐஸ் பெட்டிக்குள் இருக்கட்டும். சோற்றைக் கொஞ்சமாக இரண்டு தடவை வடியுங்கள். அகலமான தட்டில் மெல்லப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஐஸ் பெட்டியில் மூடி வையுங்கள். இரவு மிஞ்சியது மறுநாளைக்கு வேண்டாம்.

தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். ஒரே குண்டானில் ஐந்து மணி நேரத்துக்கு அரைத்து வைக்காதீர்கள். சிறிய டப்பாக்களில் பிரித்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்தது. பழைய சட்னி மேல் புதியதை ஊற்றவே கூடாது.

கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் மாவைத் தொடாதீர்கள், சட்னியைத் தொடாதீர்கள். சீழ் பிடித்த காயத்தில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விடும் நச்சும் சூட்டுக்கு அசையாது. வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் கடைக்கே போக வேண்டாம். ஒரு நாள் வருமானம் போவது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

கைப்பக்குவம் | ஞாயிறு, காலை 11:05

எல்லாம் நல்ல ஆலோசனைதான். ஆனால் கோபத்தோடு ஒன்று சொல்கிறேன். ஏன் எப்போதும் தள்ளுவண்டிக்காரனுக்கே பாடம்? வண்டிக்கடையில் சமையல் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. எண்ணெய் கருத்தால் தெரியும், கை அழுக்கானால் தெரியும். ஏசி ஓட்டல் சமையலறையை யார் பார்த்தார்கள்? பெரிய இடத்தில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள், சிறிய இடத்தில் அடுப்பைத் தூக்கிப் போகிறார்கள். என் சித்தப்பாவின் பணியாரச் சட்டியைத் தூக்கிப்போய் மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது?

ஓய்வு_அலுவலர் | ஞாயிறு, பிற்பகல் 12:20

உங்கள் கோபம் நியாயம். உணவு பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 32 என்ன சொல்கிறது தெரியுமா? குறை இருந்தால் முதலில் முன்னேற்ற அறிவிப்பு கொடுக்க வேண்டும். என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அது பெரிய ஓட்டலுக்கு மட்டும் எழுதிய பிரிவு அல்ல, வண்டிக்காரருக்கும் அதே உரிமை. எழுத்தில் கேளுங்கள். ஆனால் உங்கள் சித்தப்பாவின் சட்டியை எடுத்தது எந்தத் துறை என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஆக்கிரமிப்பு அகற்றுவோராக இருக்கும், உணவு பாதுகாப்புத் துறையாக இருக்காது. மக்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவது எங்கள் துறைக்கும் நல்லதல்ல.

அதே சட்டத்தில் பிரிவு 56 சுகாதாரமற்ற முறையில் தயாரித்தால் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. நான் பணியில் இருந்தபோது வண்டிக்காரர் ஒருவரிடமும் அந்த அளவுக்குப் போனதில்லை. போகவும் கூடாது.

இரண்டு_பிள்ளைகள்_அம்மா | ஞாயிறு, மாலை 4:47

சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். கொதிக்கிற சாம்பாரையும் சால்னாவையும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்கள். தட்டின் மேல் பாலித்தீன் தாளை விரித்து அதில் சுடு தோசை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கப் எல்லாமே தடை. ஏழு மணிக்கு எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தடை எங்கே இருக்கிறது?

நான் தூக்குப் போணி கொண்டுபோகிறேன். முதலில் முகம் சுளித்த கடைக்கார அண்ணன் இப்போது ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றுகிறார். தம்பி, "பாத்திரம் கொண்டுவந்தால் சால்னா கூடக் கிடைக்கும்" என்று ஒரு அட்டை மாட்டுங்கள்.

வடை, பஜ்ஜி போட்டால் நியூஸ் பேப்பரில் மட்டும் வைக்காதீர்கள். மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. உணவை நியூஸ் பேப்பரில் கட்டக் கூடாது என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-லேயே சொல்லி, பிறகு 2018 பேக்கேஜிங் விதிமுறையிலும் சேர்த்துவிட்டது.

பனியன்நகர்_தம்பி | ஞாயிறு, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். வாழை இலை, குழாய்க் கேன் இரண்டும் முடிவாகிவிட்டது.

இன்னும் சில சந்தேகம். எங்கள் பக்கம் சில்லி சிக்கன், காளான் எல்லாம் ரத்தச் சிவப்பாக இருந்தால்தான் ஓடுகிறது. நிறம் சேர்க்கலாமா? வறுத்த எண்ணெயை எத்தனை நாள் வைக்கலாம்? அப்புறம் வீட்டு சிலிண்டர் ஒன்று உபரியாக இருக்கிறது, அதை வண்டியில் வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வு_அலுவலர் | ஞாயிறு, இரவு 9:58

நிறம்: கூடாது. சிக்கன் 65, சில்லி சிக்கன் போன்றவற்றில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே இல்லை. அதிலும் சில இடங்களில் புழங்குவது ரோடமின்-பி, துணிக்குப் போடும் சாயம். சாயப்பட்டறை ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். காஷ்மீர் மிளகாய்த்தூள் போடுங்கள், நிறம் போதும்.

எண்ணெய்: விதி, மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அளக்கும் கருவி எங்களிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. கண்ணால் பாருங்கள். நுரை அடங்காமல் நிற்பது, சீக்கிரம் புகைவது, கரண்டியில் எடுத்தால் கூழ் போல வழிவது, இதில் ஒன்று வந்தாலும் அந்த எண்ணெய் முடிந்தது. பழசில் புதுசை ஊற்றிச் சமாளிப்பது பலரும் செய்வது, அதைச் செய்யாதீர்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்து வையுங்கள், பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. சான்விச், ரோல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருக்கிறதோ இல்லையோ, வெயிலில் நிற்கும் வண்டியில் அதை வைக்காதீர்கள்.

நீலச்சிலிண்டர் | ஞாயிறு, இரவு 11:10

கேஸ் டெலிவரியில் இருக்கிறேன். தம்பி, வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைக்காதீர்கள். கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம், பிடித்தால் சிலிண்டரே போய்விடும். வணிகத்துக்கு 19 கிலோ நீல சிலிண்டர். முதலீடு கஷ்டம் என்றால் 5 கிலோ சிலிண்டர், அடையாள அட்டை காட்டினால் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கிறது.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். நான் பார்க்கும் வண்டிகளில் பாதியில் சிலிண்டர் தோசைக்கல்லுக்கு நேர் கீழே, மூன்று பக்கமும் தகடு அடித்து மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, கீழேயே தேங்கும். அந்தப் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டுக் காற்றுப் போக விடுங்கள், இல்லையென்றால் சிலிண்டரை வண்டிக்கு வெளியே தள்ளி நிறுத்துங்கள். சாதாரணச் சிவப்பு ரப்பர் டியூப் வேண்டாம், உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப் போடுங்கள், அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்றுங்கள். வாரம் ஒரு முறை சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. வால்வை மூடு, சட்டியை மூடு. அதற்கென்றே ஒரு பெரிய மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். விளக்குக்குக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள், பேட்டரி எல்இடி போதும்.

தேக்கா_வாசி | திங்கள், காலை 7:22

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா இங்கே தள்ளுவண்டியில் சுண்டல், வடை விற்றவர். இப்போது எல்லோரும் சிங்கப்பூர் சுத்தம் என்கிறார்கள், ஏதோ நாங்கள் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் போல. அறுபதுகளில் இங்கேயும் இதே பக்கெட், இதே ஈ, இதே சாக்கடை. அரசு 1968 வாக்கில் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. பிறகு குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் உள்ள அங்காடி நிலையங்களைக் கட்டி, 1986-க்குள் எல்லோரையும் அங்கே மாற்றியது. ஏ, பி, சி, டி என்று சுத்தத்துக்கு மதிப்பெண் போட்டு மாட்டும் முறை 1997-இல்தான் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். குழாய் முதலில், மதிப்பெண் பிறகு.

தாத்தா மாறியபோது அழுதாராம், வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று. சிலர் போகவும் செய்தார்கள், வாடகையும் ஏறியது. இங்கே நடந்த எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சாகும்வரை சொன்ன ஒன்று, "குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது."

கைப்பக்குவம் | திங்கள், காலை 9:03

இதைத்தான் நான் நேற்றுச் சொல்ல வந்தேன், கோபத்தில் வார்த்தை வரவில்லை. 300 மீட்டர் தள்ளிக் குழாயை வைத்துவிட்டு, கை கழுவவில்லை என்று அபராதம் போடுவது என்ன நியாயம்?

ஓய்வு_அலுவலர் | திங்கள், காலை 10:30

ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் தட்டையும் கையையும் பார்த்துக் குறிப்பு எழுதினேன். "இந்தத் தெருவில் 40 வண்டி இருக்கிறது, ஒரு குழாய் கூட இல்லை" என்று ஒரு தடவையாவது மாநகராட்சிக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு என்று சட்டமே சொல்கிறது. தம்பி, அங்கே போய்க் கேட்க வேண்டியது தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும்தான். கழிப்பறை இல்லாத இடத்தில் ஐந்து மணி நேரம் நிற்கும் உங்கள் மனைவி கை கழுவுவதைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை, நானும் மறந்தேன்.

ஆய்வகம்_அக்கா | திங்கள், காலை 10:41

நன்றி ஐயா. எனக்கும் தோன்றியிருக்க வேண்டும். பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நின்று சிறுநீர்த் தொற்றோடு எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள்.

பனியன்நகர்_தம்பி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு காலை 6:50

கடை போட்டு நான்கு வாரம் ஆகிறது, சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. மேல்தளத்துக்குத் தகடு அடித்தேன். 5 கிலோ சிலிண்டர் இரண்டு, மாற்றி மாற்றிப் போகிறது. தினமும் வாழை இலைக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறேன். காசு வாங்குவது மனைவி, தோசை சுடுவது நான், காசு தொட்ட கை தோசையைத் தொடுவதில்லை. பாதிப் பேர் க்யூஆர் அட்டையில் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். ஃப்ரைடு ரைஸ் தொடங்கவில்லை. ஐஸ் பெட்டி வாங்கியபிறகுதான்.

தண்ணீர்தான் ஆளைக் கொன்றது. முதல் வாரம் ஐந்து கேன் சுமந்து தோள் வீங்கிவிட்டது. அப்புறம் எங்கள் வரிசையில் இருக்கும் ஒன்பது வண்டிக்காரர்களிடமும் பேசினேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பெரிய டேங்க் ஒன்று வாங்கி, பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி திண்ணையில் வைத்திருக்கிறோம். அவர் வாடகை வாங்கவில்லை, இரவு மூன்று தோசை மட்டும். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு முறை நிரப்புகிறது. எங்கள் வரிசையில் பக்கெட்டில் தட்டு முக்குவது நின்றுவிட்டது. தெருக்குழாயும் கழிப்பறையும் கேட்டு ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மாதம் ஒரு முறை போய்க் கேட்பதாக முடிவு.

ஒரு சந்தேகம். டேங்கை எத்தனை நாளைக்கு ஒரு முறை கழுவ வேண்டும்? லாரித் தண்ணீரில் குளோரின் போட வேண்டுமா?

இரவுக்கடை_மதுரை | ஞாயிறு, காலை 7:35

வாரம் ஒரு நாள் முழுக்கக் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள் தம்பி. ஒன்பது பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள், முறையைச் சுவரில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் கடைசியில் நீங்கள் ஒருவரே கழுவ வேண்டி வரும். குளோரின் கட்டாயம் போடுங்கள். பாக்கெட்டில் எழுதிய அளவு, போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். லாரி எத்தனை மணிக்கு வருகிறது? மாலை ஐந்தரைக்கு வந்தால் உங்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்காது, மதியமே வரச் சொல்லுங்கள்.